தண்டையலும் தராதரப் பத்திரமும்

வடகடலிற் பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்திற் கப்பலைச் செலுத்துவோனைத் தண்டையல் என்றழைப்பது வழக்கம். அது எவரோ கையொப்பமிட்டு வழங்கிய பட்டமன்று. பத்துப் பன்னிரண்டு வயதிற் படகில் ஊறும் நீரை இறைக்கும் சிறுவனாக ஏறியவன், பின்னர் கயிறு பிடிப்பவனாகி, பாய் கட்டுபவனாகி, காற்றின் குணங்களை ஒவ்வொன்றாக அறிந்து, மூத்தோரின் ஏச்சையும் சிலவேளை அடியையும் வாங்கி, ஈற்றிற் சுக்கானைத் தொடுவதற்கு இருபது வயதாவது கடந்திருக்கும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்ற வல்வை மாலுமிகள் இத்தகைய பயிற்சியின் வழியே வந்தவர்களாவர்.

இங்கு நோக்கற்பாலதொன்றுண்டு. பாய் என்பது தானே ஒரு பரீட்சகர். காற்றை அறியாதவன் பாயை விரித்தாற் படகு நகராது. அல்லது கரையை விட்டு நூறு யார் தாண்டுமுன் கவிழும். எனவே, தகுதியற்றவனை ஆழ்கடலுக்குச் செல்லவிடாது தடுக்கும் பொறுப்பைப் பாயே ஏற்றுக்கொண்டிருந்தது. அக்காலத்தில் யார் படகோட்டலாம் என்னும் வினாவை அரசு பெரிதாக எழுப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை.

இயந்திரம் வந்தபோது அந்தப் பரீட்சகர் விடைபெற்றார். 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் மீன்பிடிப் படகுகள் படிப்படியாக இயந்திரமயமாயின. பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியிணைப்பு இயந்திரங்களும் கரையெங்கும் பரவின. காரைநகரில் நோர்வே உதவியுடன் இயங்கிய சீநோர் படகுத்துறை இம்மாற்றத்தில் வகித்த பங்கைத் தீவுப்பகுதியின் முதியோர் இன்றும் நினைவுகூருவர். இதனால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். தண்டு வலித்துத் தோள் இற்றுப்போனவர்களிடம் பாய்க்காலத்தின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் கரையில் இருப்போரே. ஆயினும், கயிற்றை இழுத்தால் முழங்கும் இயந்திரம் இழுத்தவன் யாரென்று கேட்பதில்லை என்பதும் உண்மை. பதினைந்து வயதுச் சிறுவன் ஒரு மணி நேரத்தில் அதனை இயக்கப் பழகிவிடுவான். அவன் பழகிக்கொள்ளாதது வேறு யாவும்.

நெடுந்தீவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினரை நோக்கினால் இம்மாற்றம் தெளிவாகும். பாட்டனார் வத்தையிற் பாய் விரித்தவர். ஊரார் தண்டையல் என மதித்தவர். ஆறாமீனும் விடிவெள்ளியும் அவருக்குக் கடிகாரம். தந்தையார் இயந்திரத்தோடு வளர்ந்தவர். குறிகட்டுவானுக்கும் தீவுக்குமிடையிற் பயணிகள் படகொன்றை நீண்ட காலம் ஓட்டியவர். மகன் முப்பதை எட்டாதவன். அதே படகில் உதவியாளனாகச் சேர்ந்து இப்போது சுக்கான் பிடிக்கிறான். படகு அவர்களுடையதன்று, சொந்தக்காரர் கரையில் இருக்கிறார்.

பாட்டனாருக்கும் பேரனுக்குமிடையில் ஒரு சுவையான முரண் உண்டு. 1972 இல் உருவாகி 1977 இல் நடைமுறைக்கு வந்த கடல் மோதல் தவிர்ப்புக்கான சர்வதேச விதிகளின்படி, பொதுவாக இயந்திரப் படகு பாய்ப்படகுக்கு வழிவிட்டு விலக வேண்டும். தாம் பெரிய இயந்திரக் கப்பலையே விலகச் செய்யும் உரிமை படைத்தவர் என்பதைப் பாட்டனார் அறியாமலே காலமானார். அறிந்திருந்தாலும் அவர் அந்த உரிமையை நம்பிப் பாய் விரித்திருப்பாரா என்பது ஐயத்துக்குரியதே.

அவ்விதிகளில் மற்றொன்று பேரனை உண்மையாகவே திடுக்கிடச் செய்தது. இரண்டு இயந்திரப் படகுகள் நேருக்கு நேர் வருமாயின் ஒவ்வொன்றும் தன் வலப்புறம் திரும்பி, ஒன்றையொன்று இடப்பக்கமாகக் கடக்க வேண்டும். நமது நாட்டு வீதிகளில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன. வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய இளைஞன் ஒருவன் இயந்திரப் படகில் ஏறி, எதிரே ஒரு படகைக் கண்டவுடன் சிந்தியாமற் செய்வது என்ன? இடப்புறம் திரும்புவான். எதிரே வருபவன் விதியறிந்து வலப்புறம் திரும்பினால் இருவரும் ஒரே திசைக்கு வந்து சேர்வர். கடலின் அகலமோ, ஓட்டியின் துணிவோ, அவன் தீவிற் பிறந்தவன் என்பதோ இங்கு உதவாது. இது எவரேனும் சொல்லிக்கொடுத்தாலன்றி அறிய முடியாத விடயம். அனுபவம் யாவற்றையும் கற்பிக்கும் என்று வாதிடுவோர் இந்த ஓர் உதாரணத்தையாவது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தந்தையாரிடம் மகன் இதனைக் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "காத்தும் தெரியும், கடலுக்குள்ள கல்லும் தெரியும். கடதாசிதான் தம்பி தெரியாது" என்றார்.

கடதாசி மீது அவருக்கிருந்த வெறுப்புக்குக் காரணம் கல்வியின்மை மட்டுமன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து போர் முடிவுற்ற 2009 வரை, வடகடலில் யார் படகோட்டலாம் என்பது பற்றிய விதிகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. எத்தனை குதிரை வலு, கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்நேரம் தொடக்கம் எந்நேரம் வரை, யாரிடம் பாஸ் பெறுவது என்பன காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டேயிருந்தன. அவையாவும் பாதுகாப்பின் பெயரால் விதிக்கப்பட்டவை. ஆனால், அங்கே பாதுகாப்பு என்ற சொல்லின் பொருள் படகில் இருப்பவனுடைய உயிர் அன்று. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகின் பயணிகள் பலர் கடல் நடுவே வெட்டிக் கொல்லப்பட்டதை அறிந்த ஒரு தலைமுறைக்கு, சீருடை அணிந்தவர் நீட்டும் படிவத்தை நம்புமாறு கூறுவது இலகுவானதன்று. அனுமதிப்பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் தந்தையாரின் மனத்தில் எழுவது சோதனைச் சாவடியே. இன்று உயிர்காப்பு அங்கி அணியும்படி கூறினும், பெயர்ப்பட்டியல் கேட்பினும், அவருடைய வயதினர் முகம் சுளிப்பதைக் கண்டு அவர்களை மூடர் என எண்ணும் அதிகாரிகள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

மகனுடைய மனத்தை மாற்றியது ஒரு தொலைபேசி உரையாடலாகும். ரொறன்ரோவில் வாழும் சிறிய தந்தையாரின் மகன், கோடை விடுமுறையில் நண்பர்களுடன் ஏரியொன்றில் இயந்திரப் படகு ஓட்டுவதற்காகப் படித்துப் பரீட்சை எழுதித் தகைமை அட்டை பெற்றதாகக் கூறினான்.

"கடலிலை பிறந்தவனிட்டை ஒருத்தரும் கடதாசி கேக்கேல்லை. குளத்திலை விளையாடுறவனிட்டைக் கேக்கிறாங்களோ?" என்று தீவிலிருந்தவன் சிரித்தான்.

"சிரியாதையுங்கோ அண்ணை. அந்த அட்டை இல்லாமல் ஓடினால் தண்டம்" என்றான் மற்றவன்.

கனடாவில் உல்லாசப் படகோட்டிகளுக்கான தகைமை விதிகள் 1999 இல் அறிமுகமாயின. முதலில் இளவயதினருக்கும், பின்னர் சிறிய படகுகளைச் செலுத்துவோருக்கும், ஈற்றில் 2009 செப்ரெம்பர் 15 முதல் இயந்திரம் பூட்டிய உல்லாசப் படகைச் செலுத்தும் அனைவருக்கும் என அவை படிப்படியாக விரிந்தன. பொறுப்பான பெரியவர் உடனில்லாத வேளையில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் 10 குதிரை வலுவுக்கு மேற்பட்ட இயந்திரத்தையும், பதினாறு வயதுக்குட்பட்டோர் 40 குதிரை வலுவுக்கு மேற்பட்டதையும் இயக்கலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். புளோரிடாவிலே 1988 சனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்கள், 10 அல்லது அதற்கு மேற்பட்ட குதிரை வலுவுள்ள படகை ஓட்டுவதற்குப் பாதுகாப்புப் பாடநெறியை முடித்திருத்தல் வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்னர் பிறந்தவருக்கு அக்கட்டாயம் இல்லை. இது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். ஆயினும், முதியோரின் தொழிலையும் பெருமையையும் ஒரே நாளிற் பறித்துவிடாமல், ஒரு தலைமுறைக் காலத்தில் யாவரையும் விதிக்குள் கொண்டுவரும் உபாயம் இதில் உண்டு. தந்தையாரைப் போன்றோரை எவ்வாறு நடத்துவது என்று நமது நாட்டிற் சிந்திப்போர் இதனைக் கவனிக்கலாம்.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அவ்விதிகள் விளையாடுவோருக்கானவை. தீவுப்பகுதியிற் படகு என்பது பள்ளிக்கூடம், சந்தை, கச்சேரி, வைத்தியசாலை ஆகியவற்றுக்கான வீதி. நமது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் மீன்பிடிப் படகின் பதிவையும் மீன்பிடி அனுமதியையும் வற்புறுத்துகிறது. அதன் முதன்மையான கவனம் படகின் மீதும் மீனின் மீதும். சுக்கான் பிடிக்கும் மனிதனைக் குறித்த கவனம் இங்கு விபத்து நேர்ந்த பின்னர் எழுந்து, சில வாரங்களில் அடங்குவதே வழக்கம்.

விபத்துகளை ஆராய்ந்தால் வியப்பூட்டும் ஒற்றுமை தென்படும். 2009 செப்ரெம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடி நீர்த்தேக்கத்தில் இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாகக் கூறப்பட்டது. 2011 டிசெம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தமையாற் பயன்பட்ட மிதவைப் பாதை கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிச் சிறுவரும் இருந்தனர். இவற்றில் எதுவும் நடுக்கடலிற் புயலில் நேர்ந்ததன்று. யாவும் கரை கண்ணுக்குத் தெரியும் நீரில் நேர்ந்தவை. மேலும், இத்தகைய விபத்துகளிற் படகைச் செலுத்தியவனுக்குச் சுக்கானைத் திருப்பத் தெரியாமற் போனது அரிது. அவனால் முடியாமற் போனது வேறொன்று. 'இதற்கு மேல் ஏறாதீர்கள்' என்றோ, 'இருக்கையை விட்டு எழாதீர்கள்' என்றோ, 'இப்படகு இதற்குரியதன்று' என்றோ, 'இன்று போகமாட்டேன்' என்றோ சொல்ல அவனால் முடியவில்லை. அல்லது அவன் சொல்லியும் கேட்பாரில்லை.

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனி மாதத்தில் வருகிறது. அது சோழகம் வீசும் பருவம். குறிகட்டுவான் இறங்குதுறையில் அடியார் கூட்டம் வெயிலில் மணிக்கணக்காக நின்று, படகைக் கண்டவுடன் முண்டியடிக்கும். "அண்ணை, கிழவி ஒருத்திதான், ஏத்துங்கோ." "தம்பி, பிள்ளையை மடியிலை வைக்கிறன், கணக்கில்லை." அரச அலுவலர் ஒருவர் தம் குடும்பத்துடன் வருவார். படகின் சொந்தக்காரர் அவ்வளவு நேரமும் தொலைபேசியில் இருப்பார். படகின் உட்குழியிற் பலகைகளில் நெருங்கியிருக்கும் மக்களுக்கு ஒரு பக்கம் சரிந்தால் வெளியேறும் வழி ஒடுக்கமானது என்பதை இளைஞன் அறிவான். மேற்றட்டில் ஏறும் ஒவ்வோர் ஆளும் படகின் நிலைத்தன்மையைக் குறைக்கிறார் என்பதும், விளிம்புக்கும் நீர்மட்டத்துக்குமிடையே உள்ள உயரம் விரல் விரலாகக் குறைவதும் அவனுக்குத் தெரியும். ஆயினும், இருபத்தெட்டு வயது நாட்கூலிக்காரன் எந்த அதிகாரத்தைக் கொண்டு அவ்வலுவலரைக் கரையில் நிறுத்துவது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே வினா எழுந்தது. காப்புறுதிப் பணத்தை நம்பிப் பழுதுற்ற கப்பல்களில் அளவுமீறிச் சுமையேற்றி அனுப்பிய முதலாளிகளுக்கு எதிராக மாலுமிகள் வாய்திறக்க முடியவில்லை. கப்பலேற மறுத்தவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். சாமுவேல் பிளிம்சோல் என்ற பாராளுமன்ற உறுப்பினரின் நீண்ட போராட்டத்தின் பின்னர், 1876 ஆம் ஆண்டின் சட்டம் கப்பலின் பக்கத்திற் சுமைக்கோடு வரைய வேண்டுமென விதித்தது. மாலுமி சொல்ல முடியாத 'இல்லை'யை அக்கோடு சொல்லத் தொடங்கியது. படகோட்டிக்கான தராதரப் பத்திரத்தையும் இந்நோக்கிற் காணலாம். அது ஓட்டுவதற்கான அனுமதி என்பதைவிட மறுப்பதற்கான அதிகாரம் என்பதே பொருந்தும். 'விதி அப்படி, என் பத்திரம் போய்விடும்' என்று கூறும் வாய்ப்பு அந்த இளைஞனுக்குக் கிடைக்குமாயின், அலுவலரும் சிறிது பின்வாங்குவார். சொந்தக்காரரும் வேறோர் ஓட்டியைத் தேடிப் பயனில்லை என்பதை உணர்வார், அந்த மற்றவனும் அதே பத்திரத்துக்குக் கட்டுப்பட்டவனாதலால்.

தந்தையாருக்கு அத்தகைய வாய்ப்பு வாழ்நாளில் ஒருமுறையும் கிட்டவில்லை. போர் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின்னர், சோழகம் கடுமையாக வீசிய ஓரிரவிற் பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியைத் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. உறவினர் பத்துப் பேர் உடன் ஏற முனைந்தனர். அவர் இருவரை மட்டும் ஏற்றினார். மற்றையோரை ஏசி இறக்கினார். அதன் பின்னரும் உடனே புறப்படவில்லை. நீரோட்டம் காற்றை எதிர்த்து ஓடிக்கொண்டிருந்தமையால் அலை குறுகி எழுந்து கொண்டிருந்தது; அது தணிவதற்காக நாற்பது நிமிடம் துறையிற் காத்திருந்தார். கரையில் நின்றவர்கள் அவரைக் கல்நெஞ்சன் என்றனர். பின்பு இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, அணியத்தை அலைக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, குறிகட்டுவானை அடைந்தார். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த நாற்பது நிமிடம் ஊரில் இன்றும் பேசப்படுகிறது. உடனே புறப்பட்டிருந்தால் ஐவரும் கடலில் முடிந்திருப்பர் என்பதற்குச் சாட்சி ஏதுமில்லை. புறப்படாமையாலேயே குழந்தை இறந்தது என்பதற்கும் இல்லை. அவருடைய முடிபு சரியானதென்றே கடலறிந்தோர் கூறுவர். ஆனால், அது தனியொரு மனிதனின் முடிபாக இருந்தமையால், பழியும் தனியொரு மனிதனையே சார்ந்தது. இன்ன நிலையிற் புறப்படலாகாது, இன்ன தொகைக்கு மேல் ஏற்றலாகாது என்று எழுத்தில் ஒரு விதி இருந்து, அதனைக் கற்றவரென்று அவருக்கொரு பத்திரமும் இருந்திருப்பின், அப்பெண்ணின் தாயார் இன்றுவரை அவரைக் காணும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தேவை இருந்திராது. அல்லது, விதியையாவது ஏசியிருப்பார்.

பயிற்சி என்று வருகையில் மகனும் தந்தையாரும் பிணங்குவது ஒரு சிறு கயிற்றைப் பற்றியே. வெளியிணைப்பு இயந்திரங்களோடு சுருள்வடிவான கயிறொன்று வரும். அதன் ஒரு நுனி இயந்திரத்திலும் மறுநுனி ஓட்டியின் கையிலோ இடுப்பிலோ மாட்டப்பட வேண்டும். ஓட்டி நீரில் வீழ்ந்தாற் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். மாட்டாவிட்டால், ஆளில்லாத படகு வட்டமிட்டு ஓடி, வீழ்ந்தவனையே விசிறியால் வெட்டக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இவ்வகை நிறுத்தியைப் பயன்படுத்துவது 2021 ஏப்பிரில் 1 முதற் சட்டப்படி கட்டாயம். தந்தையார் ஓய்வு வேளையில் மீன்பிடிக்கச் செல்லும் சிறு படகில் அக்கயிறு இயந்திரத்திலேயே சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. "கையைக் கட்டிப்போட்டு எப்பிடித் தொழில் செய்யிறது?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான், வலை இழுக்கும்போது அணியத்துக்கும் பின்புறத்துக்கும் பலமுறை போய்வர வேண்டியிருக்கிறது. தொழில் செய்வோரைக் கேளாமல் எழுதப்படும் பாடத்திட்டங்கள் இவ்விடத்திலேயே தோற்றுப்போகின்றன. ஓடும்போது மாட்டுவது, நிறுத்தி வலை இழுக்கும்போது கழற்றுவது என்று மகன் ஓர் ஏற்பாட்டைச் செய்தான். தந்தையார் தனியாகச் செல்லும் நாட்களில் மட்டும் அதற்கு இணங்கினார்.

பரீட்சை எம்மொழியில், எவ்வடிவில் என்பதும் முக்கியமானது. எழுத்துப் பரீட்சை ஒன்றே வாயிலாயின் தந்தையார் போன்றோர் வெளியே நிற்பர்; கடலை ஒருபோதும் கண்டிராது கேள்வி பதிலை மனனஞ்செய்தவன் உள்ளே செல்வான். வாய்மொழியாகவும் படகிலேறியும் சோதிப்பதே நமது கரைகளுக்குப் பொருந்தும். அங்கி அணிந்து நீரிற் குதித்தல், கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருத்தல் முதலியவற்றை வகுப்பறையிற் பழக முடியாது. கடலோடிகள் யாவரும் நீந்த வல்லவர் என்பது கரையிலுள்ளோரின் நம்பிக்கை மாத்திரமே. நீந்த வல்லவனும் தலையில் அடிபட்டால் நீந்தான். அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகளில், உல்லாசப் படகு விபத்துகளில் மூழ்கி இறந்தோரிற் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் அங்கி அணியாதவராகவே காணப்படுகின்றனர்.

அண்மையிற் கரையிலே நடந்த பயிற்சியொன்றுக்கு மகன் தந்தையாரையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றான். வலப்புறம் திரும்பும் விதியை அவர் மற்றவர்களுக்கு முன்னரே சொல்லிவிட்டு, மகனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பின்னர், பயிற்சியாளர் ஒவ்வொருவரிடமும் படிவத்தை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, எப்ப படகை எடுக்கமாட்டீங்கள்?" இளைஞர்கள் 'காற்றுக் கூடினால்' என ஒரு சொல்லிற் கூறி நகர்ந்தனர். தந்தையார் தொடங்கினார். சோழகம் வீச, நீர் எதிர்த்து ஓடும்போது எடுக்கமாட்டார். வாடையில் வடக்கு இருண்டு, கடற்பறவை கரைக்கு வந்தால் எடுக்கமாட்டார். கச்சான் திடீரென விழுந்து கடல் எண்ணெய்போற் கிடந்தால் எடுக்கமாட்டார். கல்யாண வீட்டுச் சனம் ஒரேயடியாக ஏறினால் எடுக்கமாட்டார். இயந்திரத்தின் சத்தம் மாறினால், உதவியாளன் குடித்திருந்தால், தமக்கே நித்திரை குறைந்திருந்தால் எடுக்கமாட்டார். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டும், ஓர் இடமும், சிலவற்றுக்கு ஒரு மரணமும் இருந்தன. பயிற்சியாளர் எழுதிக்கொண்டே வந்தார். படிவத்தில் அதற்கு இரண்டு வரிகளே விடப்பட்டிருந்தமையால், தாளைத் திருப்பி அதன் பின்புறத்தில் எழுதலானார்.